பொல்லடியும் எண்வலையும்

கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களின் பொல்லடியைக் கண்டு களித்தோர் நம்முள் பலர். ஆட்டக்காரர் வட்டமாய்ச் சுழன்று, உள்ளும் புறமும் புகுந்து மீண்டு, தாளத்திற்கேற்பப் பொல்லோடு பொல் மோதுவர். ஒருவர் அடி பிசகினும் ஆட்டம் குலையும்.

இதனைக் கணினிச் சித்திரமாக்க முயல்வோம். ஒவ்வொருவரின் மூட்டுக் கோணங்களையும் தனித்தனியே அளந்தோமென்க. நெட்டையர் அசைவைக் குட்டையர் உருவத்திற்கு மாற்றியதும் பொல்லு காற்றை அடிக்கும். கை எதிரே நிற்பவரின் மார்பினுள் புகும். கோணங்கள் சரியே, இருவர்க்கும் இடையேயுள்ள உறவுதான் பிழை.

அவ்வுறவையே அளந்தால் என்ன? எட்மண்ட் ஹோ, டாக்கு கொமுரா முதலிய மூவர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு வழி கண்டது. இருவர் உடல்களின் மூட்டுகளையும் புள்ளிகளாகக் கொண்டு, நான்முகிகளால் ஆன ஒரே வலையாகப் பின்னினர். அங்ஙனம் பின்னும் முறையை ரஷ்யக் கணித அறிஞர் டெலோனே 1934-இல் வகுத்திருந்தார். ஒவ்வொரு மூட்டும் தன் அயல் மூட்டுகளின் சராசரி நிலையினின்று எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, உருவம் மாறினும் அவ்விலகல் இயன்றவரை மாறாதவாறு கணக்கிட்டனர். கடலில் வலை நெளிந்தாலும் கண்ணிகளின் தொடர்பு அறாதது போன்றதே இது.

உறுப்புகள் ஒன்றையொன்று சுற்றும் மற்போருக்கோ, 1833-இல் கவுஸ் தந்த சுற்றெண் கணக்கு 2009-இல் கைகொடுத்தது.

பொல்லடியைப் பதிந்து காக்க விழையும் மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே: ஒருவரைத் தனியே நிறுத்தி அளவாதீர், எதிர்ப்பொல்லையும் சேர்த்தே அளந்து வையுங்கள்.