11-ஆம் நம்பர் சட்டை

எனக்கு 63 வயதில் ஒரு மருமகன் பிறந்தான். பெண்ணைக் கட்டிய மருமகன் அல்ல, தங்கை மகன். சித்தப்பாவின் கடைசிப் பெண் என்னைவிட 24 வயது இளையவள். அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன் தம்பி கிடையாது. ஆகவே தாய்மாமன் பதவி எனக்கு வந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கோயில், டாக்டர் என்று அலைந்து, இனி இல்லை என்று எல்லோரும் பேச்சை விட்ட பிறகு வந்த பிள்ளை. அவர்கள் இருப்பது அமெரிக்காவில், பிலடெல்பியாவில். சித்தி உயிரோடு இல்லாததால் பிரசவம் பார்க்க என் மனைவி போனாள். பெட்டி தூக்க நானும் போனேன். 2017 நவம்பர் அது.

பெட்டிக்குள் சுக்கு, வசம்பு, பூண்டு வடகம், வெள்ளி அரைஞாண் எல்லாம் இருந்தன. நாங்கள் போய்ச் சேரும்போது மாப்பிள்ளை தன் பங்குக்கு ஒன்று வாங்கி வைத்திருந்தார். உள்ளங்கை அகலத்தில் பச்சை நிறச் சட்டை. முதுகில் 11 என்ற எண், அதற்கு மேல் வென்ட்ஸ் என்ற பெயர்.

"யார் மாப்பிள்ளை இது?" என்றேன்.

"மச்சான், இந்த ஊருக்கே இப்ப சாமி இவன்தான்" என்றார்.

அந்த ஊரில் ஈகிள்ஸ் என்று ஒரு ஃபுட்பால் அணி. பெயர்தான் ஃபுட்பால், ஆட்டம் பெரும்பாலும் கையால். அதில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. நம் கிரிக்கெட்டில் கேப்டனும், முதல் பேட்ஸ்மேனும், முதல் பந்து வீச்சாளரும் ஒரே ஆளாக இருந்தால் எப்படியோ அப்படி. அநேகமாக ஒவ்வொரு முறையும் பந்து அவர் கைக்குத்தான் முதலில் வரும். இரண்டு மூன்று விநாடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவு செய்ய வேண்டும். அதற்குள் நூற்றிருபது, நூற்றிமுப்பது கிலோ ஆட்கள் நாலு பேர் அவரைச் சாய்க்க ஓடி வருவார்கள். ஆட்டம் வாரத்துக்கு ஒரு நாள். மீதி ஆறு நாளும் ஊர் முழுக்க அவரைப் பற்றியே பேச்சு. ரேடியோவில் அதற்கென்றே நாள் முழுக்க ஓடும் நிலையங்கள் உண்டு. ரசிகர்கள் போன் போட்டுத் திட்டுவார்கள். எங்கள் தெருமுனை டீக்கடைதான், ரேடியோவில் நடக்கிறது, அவ்வளவே வித்தியாசம்.

டிசம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. லாஸ் ஏஞ்சல்ஸில் ஆட்டம். கார்சன் வென்ட்ஸ் கோட்டைத் தாண்டப் பாய்ந்தபோது இடது முழங்கால் தசைநார் அறுந்துவிட்டது. அப்படியும் அவர் வெளியே போகவில்லை. அந்தக் காலோடு இன்னும் சில முறை ஆடி, ஒரு டச்டவுனும் எறிந்துவிட்டுத்தான் போனார். அன்று அணி ஜெயித்தது. அந்த சீசனில் 13 ஆட்டத்தில் 11 வெற்றி. ஆனால் மாப்பிள்ளை இழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நாலு நாள் கழித்து, வியாழக்கிழமை, மருமகன் பிறந்துவிட்டான். ஐந்து வாரம் முன்னதாக. எடை 1,900 கிராம்.

அவனை நான் முதலில் பார்த்தது கண்ணாடிப் பெட்டிக்குள். மூக்கில் குழாய், தலையில் நர்ஸ் போட்டுவிட்ட கம்பளிக் குல்லாய். கன்னம் என்று ஒன்றும் இல்லை, தோலும் கண்ணும்தான். நான் 36 வருஷம் கணக்கு வாத்தியார். எதைப் பார்த்தாலும் எண்ணாகப் பார்க்கிற புத்தி. ஒரு சின்ன நோட்டில் தினமும் அவன் எடையை எழுதினேன். 1,900. மறுநாள் 1,860. அதற்கு மறுநாள் 1,810. பிறந்த குழந்தைக்கு முதல் சில நாள் எடை குறையத்தான் செய்யும், பயப்படாதீர்கள் என்று நர்ஸ் சொன்னார். பயப்பட்டோம். ராத்திரி யாரும் தூங்கவில்லை. ஆனால், 1,810 என்று கேட்டதும் என் தங்கை செய்தது ஒன்றுதான். பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டு அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். 1,900-இல் எப்படிப் பிடித்தாளோ அதே பிடி.

அதே நாட்களில் ஆஸ்பத்திரி டிவியில் இன்னொரு எண் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வென்ட்ஸுக்குப் பதில் நிக் ஃபோல்ஸ் என்பவர். இவர் 2013-இல் இதே ஊரில் 27 டச்டவுன் எறிந்து, எதிரணியிடம் இரண்டே முறை பந்தைக் கொடுத்தவர். அப்போது அவரைத் தூக்கி வைத்து ஆடினார்கள். 2015-இல் வேறு ஊருக்கு அனுப்பினார்கள். ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்துவிட்டு, மாற்று ஆளாகத் திரும்பி வந்திருந்தார். டிசம்பர் 31-ஆம் தேதி டல்லாஸிடம் 6-0 என்று தோற்ற அன்று காத்திருப்பு அறையில் முன்பின் தெரியாத ஆட்கள்கூட ஒருவருக்கொருவர், "முடிந்தது, இவனை வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது" என்றார்கள். மாப்பிள்ளையும்தான்.

ஜனவரியில் பிள்ளை வீட்டுக்கு வந்தான். 11-ஆம் நம்பர் சட்டையைப் போட்டுப் பார்த்தோம், உள்ளே இன்னொரு பிள்ளை இருக்கலாம் போல் தொளதொளத்தது. ஃபோல்ஸ் ஓர் ஆட்டம் ஜெயித்தார். அடுத்ததில் மின்னசோட்டாவை 38-7 என்று துவைத்து எடுத்தார். மறுநாள் காலை மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் ஒரு குட்டி 9-ஆம் நம்பர் சட்டைக்கு ஆர்டர் போட்டார். பிப்ரவரி 4-ஆம் தேதி சூப்பர் பவுலில், நியூ இங்கிலாந்தை 41-33 என்று ஜெயித்தபோது பிள்ளை அந்த 9-இல்தான் என் மடியில் தூங்கினான். 1960-க்குப் பிறகு அந்த அணிக்குக் கிடைத்த முதல் பட்டம். தெருவில் பாத்திரத்தைத் தட்டினார்கள், அழுதார்கள். ஆட்ட நாயகன் ஃபோல்ஸ். அந்த வருஷமே மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலையும் வைத்தார்கள்.

மாப்பிள்ளை என்னிடம் சொன்னார்: "நான் அப்பவே சொன்னேன் மச்சான், ஃபோல்ஸ் சாதாரண ஆள் இல்லைன்னு."

எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். ஆளை மாற்றுவது தவறு என்று நான் சொல்லவில்லை. பந்தை எதிரணியிடம் கொடுத்துக்கொண்டே இருப்பவரை வைத்து எந்தப் பயிற்சியாளரும் சீசன் முழுக்க ஓட்ட முடியாது. டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவன் கத்தத்தான் செய்வான், ஆட்டக்காரரும் கோடிகளில் சம்பளம் வாங்குகிறார். அதெல்லாம் சரி. ஆனால் நேற்று கும்பிட்டதை இன்று கும்பிடவே இல்லை என்பதும், நேற்று திட்டியதை இன்று திட்டவே இல்லை என்பதும் எந்த வகை? "நான் அப்பவே சொன்னேன்" என்ற மூன்று வார்த்தையில் எவ்வளவு பொய் அடங்கியிருக்கிறது!

அந்த ஊருக்கு இது புதிதும் அல்ல. 1999-இல் டொனோவன் மெக்நாப் என்ற இளைஞரைத் தேர்வு செய்ததாக நியூயார்க்கில் அறிவித்த நிமிஷமே, பஸ்ஸில் போயிருந்த பிலடெல்பியா ரசிகர்கள் அவரை நோக்கி ஊளையிட்டார்கள். அவர் இன்னும் ஒரு பந்துகூட எறியவில்லை. அவர் அணியை ஐந்து முறை அரையிறுதி மாதிரியான ஆட்டத்துக்கும், ஒரு முறை சூப்பர் பவுலுக்கும் கொண்டுபோனார். பட்டம் மட்டும் கிடைக்கவில்லை. 2010-இல் வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். 2013-இல் கூப்பிட்டு, அவருடைய 5-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று மரியாதை செய்தார்கள். கைதட்டியவர்களில் ஊளையிட்டவர்களும் இருந்திருப்பார்கள்.

(நாம் சிரிக்க வேண்டாம். 2007 உலகக் கோப்பையில் வங்கதேசத்திடம் தோற்றதற்கு, ராஞ்சியில் தோனி கட்டிக்கொண்டிருந்த வீட்டைத் தாக்கினார்கள். அதே செப்டம்பரில் டி20 கோப்பையோடு வந்தார். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.)

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா என்றால், இல்லை. என் மகன் பத்தாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினான். அன்று ஒரு டப்பா சாக்லேட்டோடு அவனைத் தெருவில் வீடு வீடாக அழைத்துப் போனேன். இரண்டு வருஷம் கழித்து பிளஸ் டூவில் 200-க்கு 71. கணக்கு வாத்தியார் மகன்! இரண்டு மாதம் அவனோடு பேசவில்லை. தட்டு வைத்தால் எழுந்து போய்விடுவேன். "அவன் விளையாட்டுப் புத்தி எனக்கு முன்னாடியே தெரியும்" என்று பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியர்களிடம் சொன்னேன். முன்னாடி எனக்கு ஒன்றும் தெரியாது. இன்று அவன் கோயம்புத்தூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்து நன்றாக இருக்கிறான். அந்த இரண்டு மாதத்தைப் பற்றி ஒரு நாளும் அவன் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

கண்ணாடிப் பெட்டி முன்னால் நோட்டோடு நின்ற அந்த மூன்று வாரமும் எனக்கு அந்த 71 ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

ஏப்ரலில் ஊருக்குக் கிளம்பும்போது தங்கை கொடுத்த கண்ணாடி ஜாடியைச் சுற்ற என் மனைவி துணி தேடினாள். மாப்பிள்ளை இழுப்பறையிலிருந்து 11-ஆம் நம்பர் சட்டையை எடுத்துக் கொடுத்தார். "சின்னதாப் போச்சு" என்றார். ஜாடி உடையாமல் வந்து சேர்ந்தது. சட்டையைத் துவைத்து பீரோவில் வைத்தேன்.

வென்ட்ஸ் கால் சரியாகித் திரும்ப வந்தார். 2020-இல் ஆட்டம் படுத்துவிட்டது. டிசம்பரில் நடு ஆட்டத்தில் அவரை உட்கார வைத்து ஜேலன் ஹர்ட்ஸை இறக்கினார்கள். 2021-இல் இண்டியானாபோலிஸுக்கு அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளை போனில் சொன்னதை நான் திரும்ப எழுத வேண்டியதில்லை. அதே மூன்று வார்த்தைதான். 2025 பிப்ரவரியில் ஹர்ட்ஸ் இரண்டாவது பட்டத்தை வாங்கிக் கொடுத்தார், ஆட்ட நாயகனும் அவரே. அந்த ஜூனில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "ஹர்ட்ஸ் எறியறது அவ்வளவு சரியில்லை மச்சான்" என்று ஆரம்பித்தார் மாப்பிள்ளை. நல்ல மனிதர்தான், பிள்ளை விஷயத்தில் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை.

அவர்கள் வந்தது பிள்ளைக்குக் காது குத்த. கொரோனா, லீவு என்று தள்ளித் தள்ளி ஏழு வயசாகிவிட்டது. குலதெய்வம் கோயிலில் என் மடியில்தான் உட்கார்ந்தான். கனம் தாங்கவில்லை, முட்டி வலித்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் என் வேட்டியைக் கசக்கிப் பிடித்துக்கொண்டான். அழவில்லை.

மத்தியானம் பீரோவைக் குடைந்துகொண்டிருந்தவன் அந்தப் பச்சைச் சட்டையை எடுத்து வந்தான். அவன் போட்டிருந்தது ஹர்ட்ஸின் 1-ஆம் நம்பர். முதுகில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"மாமா, 11 ஏ.ஜே. பிரவுன் நம்பர். வென்ட்ஸ்னா யாரு?"

திண்ணையிலிருந்த அவன் அப்பாவைப் பார்த்தேன். அவர் கிணற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலொடிஞ்ச பிறகும் நின்னு ஆடினவர்டா" என்று ஆரம்பித்து, லாஸ் ஏஞ்சல்ஸ் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, சட்டையைத் தன் மார்போடு வைத்து அளந்து பார்த்தான்.

"நான் இவ்வளவு சின்னதாவா இருந்தேன்?"

"இதைவிடச் சின்னது" என்று சொல்லி அந்த எடை நோட்டைத் தேடப் போனேன்.