தீராத தோட்டா!

சோழவரத்தில் ஒரு பழைய விமான ஓடுதளம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது போட்டது. போர் முடிந்த பிறகு அதே தளத்தில் மோட்டார் பந்தயம் நடந்தது. 1990-ம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயப் பாதை வந்தது. அதுவரையில் பந்தயம் என்றால் சோழவரம்தான்.

இப்போது எங்கள் தெருப் பையன்கள் வேறு விளையாட்டு விளையாடுகிறார்கள். சண்டை விளையாட்டு! ஆளுக்கு ஒரு சவுக்குக் குச்சி. அதுதான் துப்பாக்கி. "டட டட டட!" என்று வாயாலேயே சுடுகிறார்கள்.

போன வாரம் ஒரு பொடியன் ஐந்து நிமிடம் நிறுத்தாமல் சுட்டான்.

"டேய் தம்பி, உன் துப்பாக்கியில் குண்டு தீரவே தீராதா?" என்று கேட்டேன்.

"தீராது தாத்தா! சினிமாவில் மட்டும் தீருதா?" என்றான்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவன் சொன்னது உண்மைதானே?

நானும் இந்தக் காட்சிகளை ரசித்தவன்தான். டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து, அதன்மேல் உட்கார்ந்து பார்த்தவன். விசில் அடித்தவன். ஆனால் அந்தப் பையன் கேட்ட பிறகு, எனக்குப் பிடித்த காட்சிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒன்று புரிந்தது. மனதில் நிற்கிற காட்சிகளில் துப்பாக்கி பெரிதாக இல்லை. மனிதன்தான் பெரிதாக இருக்கிறான்!

நாலே விநாடி

சடசடவென்று சுடும் எந்திரத் துப்பாக்கியில் பெரியதும் உண்டு, சிறியதும் உண்டு. பெரியதைத் தரையில் வைத்தோ, வண்டியில் பூட்டியோ சுட வேண்டும். சிறியதை ஒரே ஆள் தூக்கிக்கொண்டு ஓடலாம். டாமி கன், ஸ்டென் கன் எல்லாம் இந்தச் சிறிய வகை.

டாமி கன்னை உருவாக்கியவர் தாம்சன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி. முதல் உலகப் போருக்காகச் செய்தார். அது பட்டாளத்துக்குப் போவதற்குள், 1918-ம் ஆண்டில் போரே முடிந்துவிட்டது! துப்பாக்கி கடைக்கு வந்தது. விலை சுமார் 200 டாலர். கள்ளச் சாராயக் கும்பல்கள் வாங்கிக்கொண்டன.

அதன் எடை சுமார் 5 கிலோ. வட்டமான பெட்டியில் 50 தோட்டா போடலாம். விசையை அழுத்திப் பிடித்தால் ஐந்து விநாடிக்குள் அத்தனையும் தீர்ந்துவிடும். ஸ்டென் கன்னில் 32 தோட்டா. அது தீர நாலு விநாடி போதும்.

நாலே விநாடி! சினிமாவிலோ கதாநாயகன் நாலு நிமிடம் சுடுகிறான்.

சிகாகோ கதை

1929-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி, சிகாகோ நகரில் ஒரு மோட்டார் கொட்டகை. போலீஸ் உடுப்பில் சிலர் உள்ளே வந்தார்கள். ஏழு பேரைச் சுவர் ஓரமாக நிற்க வைத்துச் சுட்டார்கள். சுட்டவை டாமி கன்கள். உலகமே நடுங்கியது.

மூன்று ஆண்டு கழித்து, 1932-ல், "ஸ்கார்பேஸ்" என்ற படம் வந்தது. அதில் ஒரு காட்சி. சுவரில் நாள் காட்டும் காலண்டர். பக்கத்தில் டாமி கன் வெடிக்கிறது. காலண்டர் தாள்கள் ஒவ்வொன்றாகப் பறக்கின்றன. ஒவ்வொரு நாளும் துப்பாக்கியிலேயே கழிகிறது என்று வசனம் இல்லாமலே புரிகிறது! ரவுடியைப் புகழும் படம் என்று ஜனங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, "ஒரு தேசத்தின் அவமானம்" என்ற பொருளில் படத்துக்கு இன்னொரு தலைப்பும் சேர்த்தார்கள்.

அதே சிகாகோ படுகொலையை வைத்து 1959-ல் ஒரு சிரிப்புப் படம் வந்தது. பெயர் "சம் லைக் இட் ஹாட்". கொலையைப் பார்த்துவிட்ட இரண்டு வாத்தியக்காரர்கள், பெண் வேடம் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். வயிறு குலுங்கச் சிரிக்கலாம். கடைசியில் ஒரு விருந்து. பெரிய பிறந்தநாள் கேக் வருகிறது. அதைப் பிளந்துகொண்டு டாமி கன்னுடன் ஒருவன் எழுகிறான்! சிரித்த வாய் மூடிக்கொள்கிறது.

அப்பாவின் முகம்

1972-ல் வந்த "காட்பாதர்" படத்தைச் சொல்லாமல் முடியாது. சுங்கச் சாவடியில் காரை நிறுத்துகிறான் மூத்த மகன். நாலாபுறமும் டாமி கன்கள் வெடிக்கின்றன. மிகக் கொடூரமான காட்சி. சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டக் கூடாது.

ஆனால் எனக்குப் பிடித்தது அதுவல்ல. பிறகு வருவது. அப்பா மகனின் உடலைப் பார்க்கிறார். அதைச் சீர் செய்பவரிடம் கெஞ்சுகிறார். இந்தக் கோலத்தில் தாய் பார்க்கக் கூடாதாம். எத்தனையோ பேரை ஆட்டிப் படைத்தவர். அவர் முகம் உடைகிறது. மார்லன் பிராண்டோ நடிப்பு!

நம்முடைய "நாயகன்" (1987) படத்திலும் மகன் பிணமாக வருகிறான். கமலஹாசன் அழுத அழுகையை எந்தத் தமிழன் மறந்தான்? அங்கே டாமி கன் இல்லை. ஆனால் அப்பாவின் வேதனை ஒன்றுதான்.

சுடாத துப்பாக்கி

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, துப்பாக்கி சுடாத காட்சி!

இது உண்மையில் நடந்தது. 1942-ம் ஆண்டு மே 27-ந் தேதி. செக் நாட்டின் பிராக் நகரம். நாஜித் தலைவன் ஹைட்ரிக் காரில் வருகிறான். கப்சிக், குபிஷ் என்ற இரண்டு வீரர்கள் தெரு வளைவில் காத்திருக்கிறார்கள். கப்சிக் ஸ்டென் கன்னை நீட்டி விசையை அழுத்துகிறார். சுடவில்லை! துப்பாக்கி சிக்கிக்கொண்டது. அந்த ஒரு கணத்தில் குபிஷ் வெடிகுண்டை வீசுகிறார். காயம்பட்ட ஹைட்ரிக் ஜூன் 4-ந் தேதி செத்தான்.

அதோடு முடியவில்லை. பழி வாங்க வந்த நாஜிகள், லிடிச்சே என்ற கிராமத்தையே அழித்தார்கள். ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள். வீடுகளை இடித்தார்கள்.

"ஆந்த்ரோபாய்ட்" (2016) என்ற படத்தில் இந்தத் தெருக் காட்சி வருகிறது. "ஓப்பன்ஹைமர்" படத்தில் நடித்த சிலியன் மர்பிதான் கப்சிக். அவர் கையில் துப்பாக்கி இருக்கிறது, சுடவில்லை. அப்போது அவர் முகத்தைப் பாருங்கள். வீரன் என்றால் பயமே இல்லாதவன் அல்ல என்பது தெரியும்.

நம் நாட்டில்

ஸ்டென் கன் நம் நாட்டுக்குப் புதியது அல்ல. 1948 பிப்ரவரி 6-ந் தேதி, காஷ்மீரில் நவுஷேரா அருகே சண்டை. நாயக் ஜதுநாத் சிங்குடன் இருந்த சிப்பாய்கள் எல்லாரும் விழுந்துவிட்டார்கள். அவருக்கும் காயம். ஸ்டென் கன்னுடன் தன்னந்தனியே பாய்ந்தார். எதிரிகள் சிதறினார்கள். அவர் உயிர் கொடுத்தார். நாடு பரம்வீர் சக்கரம் கொடுத்தது. தோட்டா தீராத வீரர் அல்ல அவர். உயிர் போகும் என்று தெரிந்தே போனவர்.

ஸ்டென் கன்னுக்குப் பிறகு வந்தது ஸ்டெர்லிங். கான்பூர் தொழிற்சாலையில் செய்தார்கள். நமது ராணுவமும் போலீசும் பல ஆண்டுகள் அதைச் சுமந்தன. ஒரு வேடிக்கை தெரியுமா? 1977-ல் வந்த "ஸ்டார் வார்ஸ்" படத்தில், வெள்ளைக் கவசப் படையினர் ஒளி பாய்ச்சும் துப்பாக்கி வைத்திருப்பார்கள் அல்லவா? அதே ஸ்டெர்லிங்கைத்தான் கொஞ்சம் மாற்றி, விண்வெளித் துப்பாக்கி ஆக்கிவிட்டார்கள்!

கை தட்டியது தப்பா?

1968-ல் வந்த "வேர் ஈகிள்ஸ் டேர்" படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் இரண்டு கையிலும் இரண்டு ஜெர்மன் துப்பாக்கி பிடித்துச் சுடுவார். எதிரிகள் பொத்துப் பொத்தென்று விழுவார்கள். நம் ஊரில் "கைதி" (2019), "விக்ரம்" (2022) படங்களில் இன்னும் பெரிய எந்திரத் துப்பாக்கிகள். தியேட்டரே அதிர்ந்தது. நானும் கை தட்டினேன். பொய் சொல்வானேன்?

ஆனால் யோசித்துப் பாருங்கள். "கைதி"யில் நம் மனதில் நிற்பது எது? கார்த்தி பிரியாணியை அள்ளி அள்ளிச் சாப்பிட்டது. பத்து ஆண்டு சிறையில் இருந்தவன், முதல் முதலாக மகளைப் பார்க்கத் துடித்தது. அந்தத் துடிப்பு இருந்ததால்தான் துப்பாக்கிக்கும் கை தட்டினோம்.

சினிமாவில் துப்பாக்கியே கூடாது என்று நான் சொல்லவில்லை. துப்பாக்கி வந்தால் அதன் பாரமும் தெரிய வேண்டும். தோட்டா தீர வேண்டும். சுடுபவன் கை நடுங்க வேண்டும். விழுந்தவனுக்கும் ஒரு தாய் உண்டு என்பது தெரிய வேண்டும். அப்படிக் காட்டினால் படம் கெடாது. பார்க்கிறவன் நெஞ்சு இன்னும் அதிகமாக அடித்துக்கொள்ளும்.

பிள்ளைகளுக்கு ஒரு படம் சொல்கிறேன். "பக்சி மலோன்" (1976). ரவுடிக் கதைதான். ஆனால் நடித்தவர்கள் எல்லாரும் சிறுவர், சிறுமியர். டாமி கன் போலவே துப்பாக்கி. அதிலிருந்து குண்டு வராது. வெண்ணெய் போன்ற கிரீம் வரும்! மூஞ்சியெல்லாம் அப்பிக்கொள்ளும். குடும்பத்தோடு பார்க்கலாம்.

பெற்றோருக்கும் ஒரு யோசனை. வீட்டு டெலிவிஷனில் துப்பாக்கிச் சண்டை வந்தால் உடனே நிறுத்தாதீர்கள். பையனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். "ஒன்று, இரண்டு, மூன்று, நாலு" என்று சேர்ந்து எண்ணுங்கள். "போச்சு! தோட்டா தீர்ந்தது. இனிமேல் அவன் சுடுவது எல்லாம் டூப்பு" என்று சொல்லுங்கள்.

எங்கள் தெருப் பையனுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். இந்த வாரம் அவன் நாலு வரை எண்ணினான். பிறகு குச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு, "காலி தாத்தா!" என்றான்.