சூரிய மீன் எது?

ஆங்கில நூலில் ‘சன்ஃபிஷ்’ என்று கண்டவுடன் ‘சூரிய மீன்’ என்று எழுதிவிடுவது எளிது. நம் மாணவ நண்பர்கள் பலர் செய்வதும் அதுதான். அது மொழிபெயர்ப்பே ஆகாது என்பது என் கருத்து.

அந்தப் பெயரைத் தாங்கும் மீன்கள் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுடையவை அல்ல. கடலில் வாழும் மோலா ஒன்று. வாலை வெட்டி எடுத்தாற்போன்ற வட்ட உடல். நீர்மட்டத்தில் ஒருக்களித்துப் படுத்து வெயில் காயும். 2021-இல் அசோர்ஸ் தீவுகளருகே இறந்து மிதந்த மோலா ஒன்றின் எடை 2,744 கிலோ! வட அமெரிக்க ஏரிகளின் புளூகில் இன்னொன்று. கையகல மீன். ஆண்மீன் கரையோரத்தில் வாலால் விசிறிக் குழி பறித்து, முட்டைகளைக் காவல் காக்கும். (நல்ல தகப்பன்!) அயர்லாந்து மீனவர்களோ முன்பு ஒரு பெருஞ்சுறாவையே இப்பெயரால் அழைத்தனர்.

சூரியனாவது நிலையாக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. ஆங்கிலேயர் சூரியனாகக் கண்ட மோலாவைப் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் ‘நிலா மீன்’ என்கின்றனர். இலத்தீனில் மோலா என்றால் திரிகைக்கல். எனக்கென்னவோ திரிகைக்கல்தான் பொருத்தமாகப் படுகிறது.

இது வெறும் ஏட்டுச் சங்கதி அன்று. 1960-இல் அமெரிக்கா சென்ற ஜப்பானிய இளவரசர் அகிஹிட்டோவுக்குச் சிகாகோ மேயர் புளூகில் மீன்களைப் பரிசளித்தார். உணவுக்கென வளர்க்கப்பட்ட அவை பீவா ஏரிவரை பரவி, நாட்டு மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன. 2007-இல், பேரரசராக இருந்த அவரே இதற்காக மனம் வருந்துவதாக மேடையில் சொன்னார். இன்று அங்கே அனுமதியின்றிப் புளூகில் வளர்ப்பது குற்றம். மோலாவோ அங்கே சமைத்துண்ணும் மீன். ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைமை வேறு. நச்சுள்ள பேத்தை மீனுக்கு உறவு என்பதால், மோலாக் குடும்ப மீன்களை உணவாக விற்கவே தடை. ‘ஜப்பானில் சூரிய மீனுக்குத் தடை’ என்று நம்மில் ஒருவர் எழுதினால், படிப்பவர் எந்த மீனை நினைப்பார்?

அறிவியல் பெயரைச் சொன்னால் கலைப்பிரிவு நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள், வாயில் நுழையவில்லையாம்! மோலா, புளூகில் என்ற பெயர்களையாவது அப்படியே எழுதலாமே. தமிழ்ப் பெயர்தான் வேண்டுமென்றால், மீனைப் பார்த்துச் சூட்டட்டும்.

மோலா என்று மட்டும் எழுதினாலும் போதாது. அதே பேரினத்தில் மூன்றாவது இனம் ஒன்றை 2017-இல் அறிவித்தார்கள். மற்ற இரண்டோடு கலந்து, யார் கண்ணிலும் தனித்துப் படாமல் இருந்ததால், ‘மறைந்திருந்தது’ என்ற பொருளில் அதற்கு ‘மோலா டெக்டா’ என்று பெயரிட்டிருக்கிறார்கள்.