பெயரை மாற்றினால் தொழிலாளி மறைந்துவிடுவானா?

ஐரோப்பிய நாடுகளின் தொழிற் சட்டங்கள்மீது நம்மவர்க்கு நெடுங்காலமாகவே பெருமதிப்புண்டு. அம்மதிப்பு ஆதாரமற்றதன்று. வாரமொன்றுக்குச் சராசரி 48 மணித்தியாலங்களுக்கு மேல் வேலை வாங்கலாகாது, நாளொன்றுக்குத் தொடர்ந்து 11 மணித்தியாலம் ஓய்வளிக்க வேண்டும், ஆண்டுக்கு 4 வாரமேனும் சம்பளத்துடன் விடுமுறை தரவேண்டும் என்று 1993-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு 2003-இல் திருத்தி எழுதப்பட்ட ஆணை, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்தையும் கட்டுப்படுத்துகின்றது. இரவுக் கடமைக்கென வைத்தியசாலையில் இருத்தப்படும் வைத்தியர், அழைப்பு வரும்வரை கட்டிலிற் படுத்துறங்கினாலும் அந்நேரமும் வேலை நேரமே என்று ஜேர்மன் வைத்தியர் ஒருவரின் வழக்கில் 2003-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊழியர் நாள்தோறும் எத்தனை மணித்தியாலம் உழைத்தார் என்பதை அளந்து பதிவதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஏற்பாடு செய்தேயாக வேண்டுமென 2019-இல் அதே நீதிமன்றம் விதித்தது.

வேலி பலமானதே. ஆயின் பயிரை வேலிக்கு வெளியே நட்டுவிட்டால் அவ்வேலியால் ஆவதென்ன? இன்று ஐரோப்பாவில் நடைபெறுவது இதுவேயாகும். இச்சட்டங்கள் யாவும் "தொழிலாளி" என்ற ஒரு சொல்லின்மீது நிற்கின்றன. அச்சொல்லுக்குள் அடங்குபவனுக்கே விடுமுறையும் ஓய்வும் ஆகக்குறைந்த சம்பளமும் உண்டு. எனவே சட்டத்தை மீறிக் குற்றவாளியாவதை விட, தொழிலாளியின் பெயரையே மாற்றிவிடுவது இலகுவானது என்பதை முதலாளிமார் கண்டுகொண்டனர். லண்டனிலும் பாரிஸிலும் மட்றிட்டிலும் முதுகிற் சதுரப் பையைச் சுமந்து, மழையிலும் பனியிலும் வீடுவீடாக உணவு கொண்டோடும் இளைஞனைப் பாருங்கள். எந்தத் தெருவுக்குப் போகவேண்டும், எவ்வளவு கூலி என்பவற்றையெல்லாம் கைத்தொலைபேசியிலுள்ள செயலி தீர்மானிக்கின்றது. அவனுக்குப் புள்ளி இடுவதும், புள்ளி குறைந்தால் கணக்கை மூடிவிடுவதும் அச்செயலியே. வண்டி அவனுடையது, எரிபொருட் செலவு அவனுடையது, விழுந்து காலொடிந்தால் அக்காலும் அவனுடையதே. கம்பனியோ அவனைத் தொழிலாளி என்று சொல்வதில்லை. அவன் "பங்காளன்", "சுயதொழில் செய்வோன்". இலாபத்திற் பங்கில்லாத பங்காளனை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

இவ்வாறு செயலிகளின் கீழ் உழைப்போர் ஒன்றியத்திற் சுமார் 2 கோடி 80 இலட்சம் பேர் என 2021-இல் ஐரோப்பிய ஆணைக்குழு மதிப்பிட்டது. அவர்களுள் ஏறக்குறைய 55 இலட்சம் பேர் உண்மையில் ஊழியராயிருந்தும் சுயதொழிலாளரெனத் தவறாகப் பெயர் சூட்டப்பட்டோராக இருக்கலாம் என்பதும் அவ்வாணைக்குழுவின் கணிப்பே.

நீதிமன்றங்கள் இம்மாயத்துக்கு மயங்கவில்லை என்பதை முதலிற் சொல்லியாக வேண்டும். 2018 நவம்பரில் பிரான்சின் உயர் நீதிமன்றம், உணவு விநியோகக் கம்பனியொன்று தன் செயலி மூலம் ஓட்டுநரின் இருப்பிடத்தைக் கணந்தோறும் கண்காணித்ததையும், தண்டனை முறை வைத்திருந்ததையும் எடுத்துக்காட்டி, இது எசமான் ஊழியர் உறவேயென்றது. அத்தீர்ப்பு வருமுன்னரே அக்கம்பனி வங்குரோத்தாகிவிட்டதென்பது வேறு விடயம். 2020 செப்ரெம்பரில் ஸ்பானிய உயர் நீதிமன்றம் "குளோவோ" கம்பனி வழக்கிலும் அவ்வாறே தீர்த்தது. பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2021 பெப்ரவரி 19-ஆம் திகதி "ஊபர்" வழக்கில் அளித்த தீர்ப்பை நாம் சற்று விரித்துக் கூற விரும்புகின்றோம். கட்டணத்தை நிர்ணயிப்பது யார்? ஒப்பந்த நிபந்தனைகளை எழுதுவது யார்? சவாரிகளை மறுக்கும் சாரதியைச் செயலியிலிருந்து வெளியேற்றுவது யார்? சாரதியும் பயணியும் நேரடித் தொடர்பு கொள்ளாதபடி தடுப்பது யார்? இவற்றுக்கெல்லாம் விடை கம்பனியே என்று கண்ட நீதியரசர்கள், எழுதிய ஒப்பந்தத்திலிருந்து ஆராய்ச்சியைத் தொடங்குவதே பிழையென்றனர். எவரிடமிருந்து தொழிலாளியைக் காக்கச் சட்டம் இயற்றப்பட்டதோ, அவரே எழுதிய கடதாசியால் அச்சட்டத்தைத் தள்ளிவைக்க இடமளித்தால் சட்டம் எதற்கு என்பதே அத்தீர்ப்பின் சாரம். நம் நாட்டு வழக்கறிஞர்களும் ஊன்றிப் படிக்கவேண்டிய தீர்ப்பு இது.

ஆயினும் அச்சாரதிகளின் வழக்கு தொழில் நியாயசபையில் முதற் தீர்ப்புப் பெற்றது 2016-இல். இறுதித் தீர்ப்பு 2021-இல். நாளாந்தம் உழைத்துண்பவன் இத்தனை ஆண்டுகள் நீதிமன்றப் படியேறுவது எங்ஙனம்? தீர்ப்பின் பின்னரும், செயலியிற் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்று நீதிமன்றம் கூறியிருக்க, சவாரியை ஏற்றதிலிருந்து முடிக்கும்வரையுள்ள நேரத்துக்கே ஆகக்குறைந்த சம்பளம் என்று கம்பனி அறிவித்தது. அதனினும் கவலைக்குரியது 2023 நவம்பரில் அதே உச்ச நீதிமன்றம் "டெலிவரூ" வழக்கில் அளித்த முடிவு. அக்கம்பனியின் ஒப்பந்தப்படி ஓட்டுநர் தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பலாம். அந்த உரிமை மெய்யானதே, ஆகவே இவர்கள் தொழில் உறவுக்குள் வரமாட்டார்கள், கூட்டுப் பேரம் பேசும் உரிமையையும் அவ்வழியாகக் கோரமுடியாது என்று நீதியரசர்கள் முடிவுசெய்தனர். ஒரே நகரம், ஒரே தெரு, இரண்டு செயலிகள். ஒருவன் தொழிலாளி, மற்றவன் அல்லன். நீதிமன்றத்தைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. சட்டத்தின் வாயில் இவ்வளவு அகலமாகத் திறந்திருக்கும்போது கம்பனிகளின் சட்ட ஆலோசகர்கள் அதனூடே போகாதிருப்பார்களா?

ஆகவேதான் பிரச்சினை எண்பிக்கும் பொறுப்பில் வந்து நிற்கின்றது. "நான் தொழிலாளி" என்று ஓட்டுநர் எண்பிக்க வேண்டுமா, அன்றி "இவர் தொழிலாளியல்லர்" என்று கம்பனி எண்பிக்க வேண்டுமா? ஸ்பெயின் 2021-இல் விநியோக ஓட்டுநருக்கெனச் சட்டமியற்றி இரண்டாவது வழியைத் தேர்ந்தது. வேலையைப் பங்கிடும் கணிப்பு முறைகளின் விதிகளைத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குத் தெரிவிக்கவேண்டுமெனவும் அச்சட்டம் கூறிற்று. அதன் விளைவுகளையும் மறைக்கத் தேவையில்லை. டெலிவரூ அவ்வாண்டு நவம்பரிலேயே அந்நாட்டை விட்டு நீங்கியது. குளோவோ பழைய முறையையே தொடர்ந்து, பெருந்தண்டங்களுக்கு ஆளாகி, ஈற்றில் 2024 டிசெம்பரிலேதான் ஓட்டுநரை ஊழியராக ஏற்பதாக அறிவித்தது. சட்டம் எழுதப்பட்டு மூன்றாண்டுகளுக்கு மேல்! அத்தனை காலமும் சட்டத்துக்குப் பணிந்து ஊழியரை முறைப்படி வைத்திருந்த கம்பனிகள், பணியாத கம்பனியோடு போட்டியிட நேர்ந்ததே, அதுவும் அநீதியல்லவா?

ஐரோப்பிய ஒன்றியம் தானும் இவ்வழியிற் செல்ல முற்பட்டது. 2021 டிசெம்பரில் ஆணைக்குழு முன்வைத்த வரைவு, ஐந்து அடையாளங்களைக் குறித்து, அவற்றுள் இரண்டிருந்தாலே தொழில் உறவு உண்டென ஊகிக்க வேண்டுமென்றது. அதன்பின் நடந்த இழுபறி கொஞ்சமன்று. 2023 டிசெம்பரிலும் 2024 பெப்ரவரியிலும் உறுப்பு நாடுகளின் சபையிற் போதிய ஆதரவு திரளவில்லை. எஸ்தோனியாவும் கிரேக்கமும் மனம் மாறியமையால் 2024 மார்ச் 11-ஆம் திகதி இணக்கம் ஏற்பட்டது. பெரிய நாடுகளான பிரான்சும் ஜேர்மனியும் இறுதிவரை ஆதரவளிக்கவில்லை. புரட்சியின் தாயகமென்று தன்னைக் கூறிக்கொள்ளும் பிரான்சு, சைக்கிளோட்டும் ஒரு கூலியாளின் உரிமைக்கு இத்துணை அஞ்சியது வியப்பே. அவ்வாண்டு ஒக்ரோபரில் ஆணை நிறைவேறியது. உறுப்பு நாடுகள் அதனைத் தத்தம் சட்டமாக்குவதற்கு விதிக்கப்பட்ட இறுதி நாள் 2026 டிசெம்பர் 2.

இவ்வாணையில் நாம் மனமார வரவேற்கும் அமிசங்களுண்டு. கணக்கை மூடுவதோ இடைநிறுத்துவதோ இயந்திரத்தின் முடிவாயிருத்தலாகாது, மனிதனொருவனே அம்முடிவை எடுத்தல் வேண்டும். உழைப்பவனின் மனநிலையையும் அந்தரங்க உரையாடல்களையும் பற்றிய தரவுகளைச் செயலி தொடலாகாது. எண்பிக்கும் பொறுப்புக் கம்பனிக்கே. ஆனால் அந்த ஐந்து அடையாளங்களும் இழுபறியில் மறைந்துபோயின. எப்போது ஊகம் எழும் என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் ஏற்ப, ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்புகளையும் நோக்கித் தீர்மானிக்கலாமாம்! ஒரு நாட்டில் வாயில் அடைபடும், அயல்நாட்டில் திறந்திருக்கும். கம்பனிகளுக்கோ எல்லைகளில்லை.

இது நகரத்துச் செயலிகளோடு மாத்திரம் பிறந்த தந்திரமென்று எண்ணவேண்டாம். ஜேர்மனியின் இறைச்சி ஆலைகளில் மாடும் பன்றியும் வெட்டியோர் பெரும்பாலும் றுமேனியரும் பல்கேரியருமாவர். ஆலை அவர்களுக்கு முதலாளியன்று. இடையிலுள்ள ஒப்பந்தகாரனே முதலாளி எனப்பட்டான். 2020 ஜூனில் றேடா-வீடன்புறூக் என்னுமிடத்துப் பேராலையில் 1,500-க்கு மேற்பட்டோருக்குக் கொறோனா தொற்றியபோதுதான் அவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த விடுதிகள் உலகின் கண்ணிற் பட்டன. ஜேர்மன் அரசு இம்முறை தயங்கவில்லை. 2021 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து அவ்வாலைகளின் மூலத் தொழிலிலே ஒப்பந்தகாரர் மூலம் ஆள் வைப்பதையே தடைசெய்தது. 50 பேருக்குக் குறைந்த சிறு கடைகளுக்கு மாத்திரம் விலக்களித்தது. பல்லாயிரவர் ஆலைகளின் நேரடி ஊழியராயினர். இறைச்சித் தொழில் அழிந்துபோகவில்லை. "சட்டம் வந்தால் தொழில் படுத்துவிடும்" என்று கூறுவோர் இதனை ஒருகால் எண்ணிப்பார்ப்பாராக.

நம் கமக்கார வாசகர்க்கு இத்தாலியின் நிலை இன்னும் விளங்கும். அங்கே வயல்களுக்கு ஆள் திரட்டிக் கொடுத்து, கூலியிற் பங்கெடுக்கும் இடைத்தரகனைக் "கப்பொராலே" என்பர். நம் மலைநாட்டுத் தோட்டங்களில் அவனைக் கங்காணி என்று மூன்று தலைமுறைக்கு மேலாக அறிவோம். 2016-இல் அந்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டு, கங்காணியோடு நிலச் சொந்தக்காரனும் தண்டனைக்குள்ளாவான் என்றாயிற்று. ஆயினும் 2024 ஜூனில் றோமாபுரிக்குத் தெற்கேயுள்ள லத்தீனாப் பகுதி வயலொன்றில், எழுத்து ஒப்பந்தம் எதுவுமின்றி உழைத்த இந்தியத் தொழிலாளி ஒருவரின் கை இயந்திரத்திற் சிக்கித் துண்டானது. அவர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படாமல் வீட்டு வாசலில் விடப்பட்டார், பின்னர் மாண்டார். வைத்தியசாலைக்குப் போனால் "இவர் யாருடைய ஆள்?" என்ற கேள்வி எழுமல்லவா? ஏட்டில் இல்லாத தொழிலாளிக்குக் காயமும் இல்லை என்பது அவர்கள் கணக்கு.

விவசாயிகளுக்கு ஒன்றியம் வழங்கும் மானியங்கள் தொழிற் சட்டங்களோடு இணைக்கப்பட்டு, எழுத்து மூலமான வேலை நிபந்தனைகளை வழங்காதோரின் மானியத்திற் கழிவு செய்யும் முறை 2025 முதல் எல்லா உறுப்பு நாடுகளிலும் கட்டாயமாயுள்ளது. சிறு விவசாயிகளுக்கு இது பாரமென்ற முறைப்பாடு எழுகின்றது. பெருங்கடைகள் விளைபொருளின் விலையை நசுக்க, அந்நசுக்கல் கீழே கூலியாளின்மீது இறங்குகிறதென்பதில் உண்மையுண்டு. அதற்குப் பரிகாரம் விலையிலே தேடப்பட வேண்டியது. தொழிலாளியை ஏட்டிலிருந்து அழிப்பதில் அன்று.

"ஓட்டுநர்களே சுதந்திரத்தை விரும்புகிறார்கள், விரும்பிய வேளை வேலை, விரும்பாத வேளை ஓய்வு" என்பது கம்பனிகளின் வாதம். மாணவருக்கும் வேறு தொழிலுள்ளோருக்கும் அது மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் ஊழியனென்று ஏற்கப்பட்டவனுக்கு நேரத்தைத் தெரியும் வசதி இருத்தலாகாதென்று எந்தச் சட்டம் கூறுகின்றது? பகுதிநேர ஊழியர் ஐரோப்பாவெங்கும் இல்லையா? புள்ளி குறைந்தால் கணக்கு மூடப்படும் என்ற அச்சத்தோடு அனுபவிக்கும் சுதந்திரத்தைச் சுதந்திரமென்று அழைக்க எமக்கு மனம் வரவில்லை.

இவ்விடயம் நமக்கு அயலானதுமன்று. 1983-இன் பின் பிரித்தானியாவிலும் பிரான்சிலும் ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் தஞ்சம் புகுந்த நம் மக்களுட் பலர் உணவுச்சாலைச் சமையலறைகளிலும் துப்புரவுப் பணிகளிலுமே வாழ்க்கையைத் தொடங்கினர். பதியப்படாமற் கையிற் காசாகக் கூலி பெற்றோர் எத்தனை பேரென்பதை வாசகர்கள் தம் உறவினரிடமே கேட்டறியலாம். அக்காசைக் கொடுத்த முதலாளி சிற்சில வேளை தமிழராகவும் இருந்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இன்றோ வேலை அனுமதியில்லாதவர் பிறருடைய செயலிக் கணக்கை வாடகைக்கு எடுத்து, உழைப்பின் ஒரு பங்கைக் கணக்குக்காரருக்குச் செலுத்தி ஓடுகின்றனர். லண்டனிற் கம்பனியைக் காத்த அதே "பதிலாள்" நிபந்தனையே இந்த வாடகை வியாபாரத்துக்கும் வழிதிறந்தது. பழைய கங்காணியே புதிய வேடம் பூண்டு வந்துள்ளான்.

ஒன்றியத்தின் ஆணை பிரித்தானியாவையும் சுவிற்சர்லாந்தையும் கட்டுப்படுத்தாது. சுவிஸ் உச்ச நீதிமன்றம் 2022-இல் ஜெனீவாவின் ஊபர் சாரதிகளை ஊழியரென்றே கொண்டது. அங்கு உழைக்கும் நம்மவர் அதனை அறிந்திருத்தல் நன்று. ஒன்றிய நாடுகளிலோ, ஆணையிலுள்ள ஒரு குறையை இப்போதே கவனிக்க வேண்டும். தொழில் உறவு உண்டென்னும் ஊகம் சமூகக் காப்புறுதி வழக்குகளுக்குத் தானாகப் பொருந்தாது. விரும்பும் நாடு அதனை விரிக்கலாம் என்று மாத்திரமே ஆணை கூறுகின்றது. விரிக்காவிடின், இன்று சம்பள வழக்கில் ஊழியனென வெல்பவன், 67 வயதில் ஓய்வூதியம் கேட்கும் நாளில் மீண்டும் தன்னை ஊழியனென எண்பிக்க வேண்டிவரலாம். பாரிஸிலும் பேர்ளினிலும் உள்ள தமிழ்ச் சங்கங்கள் கலைவிழாக்களுக்குச் செலவிடும் முயற்சியில் ஒரு பங்கையேனும் ஒதுக்கி, அந்நாட்டுத் தொழிற்சங்கங்களோடு சேர்ந்து இவ்வொரு வாசகம் சட்டத்தில் இடம்பெற வேண்டுமெனத் தத்தம் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரிடம் எழுத்து மூலம் கோருதல் வேண்டும்.