ஒருவழிச் சீட்டும் ஊர் திரும்பும் உரிமையும்

ரேணிகுண்டாவில் 2015-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்த விமான நிலையக் கட்டடம் திருப்பதிக்கு வருகிற யாத்திரிகர்களுக்குப் பெரிய வசதியாக அமைந்திருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆயினும், ஜீவனோபாயத்தை நாடிக் குவைத்துக்கும் சவூதி அரேபியாவுக்கும் துபாய்க்கும் போகிற சித்தூர், திருப்பதி ஜில்லாக்களின் ஜனங்கள் சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ்ஸிலும் வாடகைக் காரிலும் போய்த்தான் விமானம் ஏறுகிறார்கள். நகரியிலும் புத்தூரிலும் இருப்பவர்களுக்குச் சென்னை கிட்டம். பலமனேரில் இருப்பவர்களுக்குப் பெங்களூர் கிட்டம். எந்த வழியாகப் போனாலும், அவர்களுடைய காகிதங்கள் சரியாக இருக்கின்றனவா என்று விஷயம் தெரிந்த ஒருவர் முதன்முதலாகப் பார்ப்பது, கடன் வாங்கிய பணம் ஏஜென்டின் கைக்குப் போய்ச் சேர்ந்து, உறவினரிடம் விடைபெற்று, ஊரைவிட்டுப் புறப்பட்டு, நள்ளிரவில் விமானக் கம்பெனியின் கவுண்டருக்கு முன்னே பெட்டியோடு வந்து நின்ற பிறகே என்பதுதான் நெஞ்சை வருத்துகிற விஷயம்.

அங்கே கேட்கப்படுகிற கேள்வி, "ரிட்டர்ன் டிக்கெட் இருக்கிறதா?" என்பது. ஒருவழிச் சீட்டோடு நிற்பவருக்கு அந்தக் கேள்வி அவமதிப்பாகத் தோன்றலாம். ஆனால் கேட்கிற இளைஞரோ யுவதியோ அதைத் தம் இஷ்டப்படி கேட்கவில்லை. 1944-இல் சிகாகோவில் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கையையும் அதன் ஒன்பதாவது இணைப்பையும் அடியொற்றி, ஒரு தேசம் உள்ளே விட மறுக்கிற பிரயாணியைத் திருப்பி ஏற்றிச் செல்லும் பொறுப்பு அவரை அழைத்துவந்த விமானக் கம்பெனியையே சார்ந்தது. அபராதமும் பல தேசங்களில் உண்டு. நம் பாராளுமன்றமே 2000-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் ஒன்று, தக்க காகிதமில்லாத பிரயாணியை இந்தியாவுக்குக் கொண்டுவந்த கம்பெனிக்குத் தலைக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. ஆகையால், எந்தத் தேசத்துக்கு எந்த விசா வேண்டும், பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டுமா, திரும்பும் டிக்கெட், தங்குமிடம், கைச்செலவுக்குப் பணம் ஆகியவற்றுக்கு அத்தாட்சி காட்ட வேண்டுமா என்பனவற்றையெல்லாம் தொகுத்து வைத்திருக்கிற 'டைமாட்டிக்' என்ற கணினிப் பட்டியலைப் பார்த்து, அது சொல்லுகிறபடிதான் அந்த ஊழியர்கள் நடக்கிறார்கள்.

ஒருவழிச் சீட்டில் போவது தன்னளவில் குற்றமன்று. கல்லூரி விசா பெற்ற மாணவரும், அந்நிய தேசத்தில் வசிக்கும் அனுமதி உடையவரும், முறையான வேலை விசாவும் ஒப்பந்தமும் கையிலுள்ள தொழிலாளியும் திரும்பும் டிக்கெட் இல்லாமலே போகிறார்கள்; அவர்களை எவரும் தடுப்பதில்லை. வெளிநாடு செல்லும் உரிமை மனிதனுடைய சொந்த சுதந்திரத்தின் ஒரு பகுதி என்று சுப்ரீம் கோர்ட் 1967-இல் சத்வந்த் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது; 1978-இல் மேனகா காந்தி வழக்கில் அதை இன்னும் விரிவாக நிலைநாட்டியது. ஆனால் நம் தேசத்தைவிட்டுப் புறப்படும் உரிமை வேறு, பிற தேசத்துக்குள் புகும் அனுமதி வேறு. பின்னதை அந்தந்த தேசத்தின் சர்க்காரே தீர்மானிக்கிறது. விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்பட்டிருந்தாலுங்கூட, இறங்கிய இடத்திலுள்ள அதிகாரிக்கு மறுக்கும் அதிகாரம் உண்டு.

கஷ்டம் வேறொரு இடத்தில் ஆரம்பமாகிறது. பத்தாம் வகுப்பு தேறாத தொழிலாளிக்குப் பெரும்பாலும் 'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்று பொருள்படும் ஈசிஆர் முத்திரையுள்ள பாஸ்போர்ட்டே கிடைக்கிறது. அந்தப் பாஸ்போர்ட் உடையவர் குவைத், சவூதி, கத்தார், ஓமன், மலேசியா முதலான 18 தேசங்களில் ஒன்றுக்கு வேலைக்காகப் போவதானால், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியிடம் அனுமதி பெற்றாக வேண்டும். அந்த அனுமதிக்காக ஒப்பந்தம் பரிசீலிக்கப்படுகிறது, சம்பளம் எழுத்தில் வருகிறது, அனுப்புகிற ஏஜென்டின் பதிவு எண் தெரிகிறது, இன்ஷூரன்ஸும் எடுக்கப்படுகிறது. ஆனால் அதே மனிதர் வேலைக்கல்ல, உறவினரைப் பார்க்கவோ ஊர் சுற்றவோ போகிறேன் என்று சொன்னால், அந்த அனுமதி தேவையில்லை. செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் விசாவும் ரிட்டர்ன் டிக்கெட்டும் இருந்தால் போதும். நியாயமான சலுகைதான் இது. மகளைப் பார்க்கப் போகிற தாயை ஒப்பந்தம் காட்டு என்று கேட்க முடியுமா? எனினும் இந்தச் சலுகையின் வழியாகவே ஏஜென்டுகளில் நேர்மையற்றவர்கள் தங்கள் வியாபாரத்தை நடத்துகிறார்கள்.

விசிட் விசா ஒன்றை வாங்குகிறார்கள். கூடவே ஒரு திரும்பும் டிக்கெட்டையும் பதிவு செய்கிறார்கள். விமானம் புறப்பட்டதும் அந்தத் திரும்பும் டிக்கெட் ரத்தாகிவிடுகிறது, அல்லது ஒருநாளும் உபயோகப்படாமல் காலாவதியாகிறது. இமிகிரேஷனில் கேட்டால் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லும்படி பாடம் கற்பிக்கப்படுகிறது. பிரயாணி திரும்பி வருவார் என்பதற்குச் சாட்சியாகச் சட்டம் கேட்ட காகிதம், அவர் திரும்பப் போவதில்லை என்பதை மறைக்கும் திரையாக மாறிவிடுகிறது. பொய் சொன்னவர் ஏஜென்ட். ஆனால் அதிகாரியின் முன்னே அந்தப் பொய்யை வாயால் உச்சரித்தவர் ஒரு கூலித் தொழிலாளி. பிடிபட்டால் பிரயாணம் நிற்பதும் அவருக்கே, பிடிபடாமல் போய்ச் சேர்ந்தால் சட்டத்துக்குப் புறம்பானவராக வாழ நேர்வதும் அவருக்கே.

பெண்களின் நிலைமை இதைவிடக் கொடிது. வீட்டு வேலைக்காக ஈசிஆர் பாஸ்போர்ட்டில் போகிற பெண்ணுக்கு 30 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்றும், அவரை அனுப்புவது சர்க்கார் ஸ்தாபனங்கள் வழியாகவே நடக்க வேண்டும் என்றும் மத்திய சர்க்கார் விதி செய்தது, அந்நிய வீட்டுக்குள் அகப்பட்டுக்கொள்ளும் பெண்களைக் காக்க வேண்டுமென்ற நல்லெண்ணத்தாலேயே. ஆந்திரத்தில் இதற்கென்று 'ஓம்கேப்' என்ற மனிதவள நிறுவனமும் இருக்கிறது. ஆனால் சித்தூர் ஜில்லாவின் கிராமத்திலிருக்கிற ஒரு விதவைக்கு அந்த நிறுவனத்தின் பெயர் தெரிவதற்கு முன்னால் தெருமுனை ஏஜென்டின் பெயர் தெரிந்துவிடுகிறது. அவன் வீட்டுக்கே வந்து பேசுகிறான். நேர்வழி தூரத்திலும் குறுக்குவழி வாசலிலும் இருக்கும்போது, குறுக்குவழியில் போனாள் என்று அவளைக் குறை கூறுவதில் தர்மமில்லை. குவைத் சர்க்கார் 2018-இலும் 2024-இலும் பொதுமன்னிப்பு அறிவித்தபோது, தங்கும் அனுமதி காலாவதியாகி ஒளிந்து வாழ்ந்த நம்மவர் பலர் அபராதமின்றி ஊர் திரும்ப முடிந்தது. மன்னிப்புக்காகக் காத்திருந்து வீடு திரும்பவேண்டிய நிலை எந்தத் தொழிலாளிக்கும் வரலாகாது.

இந்தப் பிரதேசத்துக்கு ஒருவழிப் பிரயாணம் புதிதன்று. சித்தூர் வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைநகரமாக இருந்த காலத்தில், அந்த ஜில்லாவின் குடியானவர்களும் கூலிகளும் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறித் தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். முதல் கப்பலாகிய 'ட்ரூரோ' 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி டர்பனை அடைந்தது. 1911 வரையில் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களுள் பெரும்பான்மையோர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒப்பந்தக் கூலிமுறை ஒரு கொடுமை என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. ஐந்து வருஷ ஒப்பந்தத்தின்பின் அடிமை வாழ்விலிருந்து விடுபட்டவர்கள்மேல் 1895-இல் மூன்று பவுன் தலைவரி விதிக்கப்பட்டதும், அதை எதிர்த்து 1913-இல் காந்தியடிகளின் தலைமையில் தமிழரும் தெலுங்கரும் நடந்து சிறை புகுந்ததும், மறுவருஷம் அந்த வரி நீங்கியதும் யாவரும் அறிந்த சரித்திரம். அத்தனை கொடுமையான முறையிலுங்கூட, போகிறவருடைய பெயர், தகப்பன் பெயர், கிராமம், தாலுகா எல்லாம் கப்பல் பட்டியலில் எழுதப்பட்டன. பத்து வருஷ வாசத்துக்குப் பிறகு செலவில்லாமல் தாய்நாடு திரும்பும் உரிமையும் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. இன்று விசிட் விசாவில் வேலைக்குப் போகிறவர் சர்க்கார் கணக்கில் தொழிலாளியாகவே இல்லை. அவர் ஓர் உல்லாசப் பிரயாணி! எஜமானர் யார், எந்த ஊர், எவ்வளவு சம்பளம் என்ற எதுவும் பதிவாகாத ஒருவரை, ஆபத்து வந்தபோது எந்தத் தூதரகம் எப்படித் தேடிக் கண்டுபிடிக்கும்?

முறையான வழியில் போகிறவருக்குக் கிடைப்பது கொஞ்சமல்ல. பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற இன்ஷூரன்ஸுக்கு இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாயும் மூன்று வருஷத்துக்கு 375 ரூபாயும்தான் பிரீமியம். விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். அதைவிட முக்கியமானது வேறொன்று. போய் இறங்கிய இடத்தில் எஜமானர் ஏற்றுக்கொள்ளாவிட்டாலும், ஒப்பந்தத்துக்கு மாறாக வேலை மாற்றப்பட்டாலும், தம் தவறின்றி நடுவில் வேலையிலிருந்து நீக்கப்பட்டாலும், ஊர் திரும்புவதற்கான விமானக் கட்டணத்தை அந்தத் திட்டம் கொடுக்கிறது. மெய்யான ரிட்டர்ன் டிக்கெட் இதுதான். ஏஜென்டு பதிவு செய்து ரத்து செய்கிற காகிதத்துக்கு இந்த வலிமை இல்லை.

முறைகெட்ட ஏஜென்டுக்குத் தண்டனையோ மிகவும் அற்பம். 1983-ஆம் ஆண்டின் சட்டத்தை மீறி ஆளனுப்புகிறவருக்கு இரண்டு வருஷம் வரையில் சிறையும் 2,000 ரூபாய் வரையில் அபராதமும் என்று சட்டம் சொல்லுகிறது. பதிவு பெற்ற ஏஜென்டு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணமே, வரி நீங்கலாக, 30,000 ரூபாய். அதற்கு மேலாகவும் வாங்கிக்கொண்டு பதிவே இல்லாமல் தொழில் நடத்துகிறவன் 2,000 ரூபாய்க்கா அஞ்சுவான்? அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் ஒன்றின் நகலை வெளிநாட்டு விவகார அமைச்சகம் 2025 அக்டோபரில் வெளியிட்டது. நகல் சட்டமாகும்போது, அபராதத் தொகை குற்றத்தின் லாபத்தை விழுங்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று நம் பாராளுமன்ற அங்கத்தினர்கள் வற்புறுத்த வேண்டும்.

ஆனால் சட்டத்தைவிட அவசரமானது, காகிதங்களைப் பார்க்கிற இடத்தை மாற்றுவது. திருப்பதியில் பாஸ்போர்ட் சேவா கேந்திரம் இருக்கிறது. பாஸ்போர்ட் வாங்க வருகிற அதே மனிதர்தான் சில மாதங்களில் விசாவோடு விமான நிலையத்தில் நிற்கப் போகிறவர். அந்தக் கேந்திரத்திலும் சித்தூர், திருப்பதி கலெக்டர் ஆபீஸ்களிலும், விசாவையும் ஒப்பந்தத்தையும் டிக்கெட்டையும் வாங்கிப் பார்த்து, "இது வேலை விசா, இது பார்வையாளர் விசா, இந்த ஏஜென்டு பதிவு பெற்றவர், இவர் பெறாதவர்" என்று தெலுங்கிலும் தமிழிலும் உருதுவிலும் படித்துச் சொல்ல ஒருவர் உட்கார வேண்டும். ஒப்பந்தம் வருவது அரபியிலும் ஆங்கிலத்திலும். கையெழுத்துப் போடுகிறவருக்கோ இரண்டும் தெரியாது. சர்க்காருக்கு இதனால் ஆகும் செலவு சொற்பம். ஒரு மனிதரை நள்ளிரவில் கவுண்டரிலிருந்து திருப்பி அனுப்புவதைவிட, ஒரு மாதம் முன்னதாக அவருடைய ஊரிலேயே, பணம் கைமாறுவதற்கு முன்பே, இந்தக் காகிதத்தில் போகாதே என்று சொல்லுவது எவ்வளவோ மேலானது.

விசாவே வேண்டாத தேசங்களும் உண்டு. மலேசியாவுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் விசா இல்லாமலே நம்மவர் போகலாம். தாய்லாந்து வழியாக அழைத்துச் செல்லப்பட்டு மியான்மரின் இணைய மோசடிக் கூடங்களில் சிக்கிய இந்தியர் 549 பேரை 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் மீட்டுவர நேர்ந்தது. விசா வேண்டாத இடத்தில் ஏஜென்டுக்கு வேலை இன்னும் சுலபம் என்பதைக் கம்ப்யூட்டர் படித்த நம் பிள்ளைகளும் நினைவில் வைக்க வேண்டும்.

வெளிநாடு போக எண்ணியிருக்கிற சகோதர சகோதரிகளே, விசாவில் விசிட் என்றோ டூரிஸ்ட் என்றோ எழுதியிருந்தால், எவர் எத்தனை உறுதி கூறினாலும், வேலைக்கென்று அந்த விமானத்தில் ஏறாதீர்கள். பணம் கொடுப்பதற்கு முன்னால் ஏஜென்டின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, மத்திய சர்க்காரின் இ-மைக்ரேட் தளத்தில் அது இருக்கிறதா என்று படித்த பிள்ளை ஒருவரைக்கொண்டு பார்க்கச் செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் வெளிநாட்டு விவகார அமைச்சகத்தின் பிரவாசி பாரதீய சஹாயதா கேந்திரத்தைக் கட்டணமில்லாமல் அழைக்கலாம்; எண் 1800 11 3090.