துப்பாக்கியில் குற்றமில்லை, கெட்டித்ததில்தான் குற்றம்!

"நாட்டுத் துப்பாக்கி வெடித்துக் கை போயிற்று" என்று செய்தி வந்தால், "பழைய துப்பாக்கி, அப்படித்தான் ஆகும்" என்று சொல்லிவிடுகிறோம். இது சரியான பேச்சல்ல. குற்றம் பெரும்பாலும் துப்பாக்கியின் வயதில் இல்லை. அதைச் சுத்தம் செய்யாததிலும், அவசரமாகக் கெட்டித்ததிலும் இருக்கிறது.

நாட்டுத் துப்பாக்கிக்கு வாய் வழியாகத்தான் தீனி. முதலில் கருமருந்து. பிறகு குண்டு அல்லது ரவை. எல்லாவற்றையும் கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். கடலுக்கு அக்கரையில், இலங்கைத் தமிழர்கள் இதை "இடியன் துவக்கு" என்கிறார்கள். எவ்வளவு பொருத்தமான பெயர்! பயிரைக் காக்க இந்தத் துப்பாக்கி வைத்துக்கொள்ள, 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமே லைசென்சுக்கு வழி வைத்திருக்கிறது.

கரி செய்யும் கேடு

கருமருந்து முழுவதும் ஆவியாகிப் போவதில்லை. எடையில் பாதி அளவு கசடும் புகையுமாக மிஞ்சுகிறது. கசடு குழலில் ஒட்டிக்கொள்ளும். சில முறை சுட்டதும் வழி குறுகிவிடும். அடுத்த குண்டு பாதியில் நின்றுவிடும்.

இந்தக் கரி நம் சரித்திரத்திலும் இடம் பிடித்திருக்கிறது. என்பீல்டு துப்பாக்கியின் குழலுக்குள் திருகு வரிகள் உண்டு. கரி படிந்தாலும் குண்டு வழுக்கி இறங்க வேண்டும் என்று தோட்டாவில் கொழுப்புத் தடவினார்கள். அது பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம் முகாமில் பரவியது. சிப்பாய்களின் மனத்தில் பல குறைகள் குமுறிக்கொண்டிருந்தன. இந்தக் கொழுப்பு தீப்பொறி ஆயிற்று!

கடற்கரை ஊர்களில் கேடு இரட்டிப்பு. கசடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். தேவிபட்டினத்தில் நவபாஷாணத்தைத் தடவி வரும் உப்புக் காற்றில் கதவுத் தாழ்ப்பாளே துருப்பிடிக்கும். கழுவாத குழல் என்ன ஆகும்? சுட்ட அன்றே, குழல் காலி என்று உறுதி செய்துகொண்டு, வெந்நீரால் கழுவ வேண்டும். துடைத்து, உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். மறுபடி கெட்டிக்கும் முன் அந்த எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மருந்து நமுத்துவிடும்.

அவசரத்தின் விலை

1863-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் களத்தில் 27,000-க்கு மேற்பட்ட துப்பாக்கிகளைப் பொறுக்கி எடுத்தார்கள். சுமார் 24,000 கெட்டித்தபடியே இருந்தன. அவற்றில் பாதியில் இரட்டைக் கெட்டிப்பு! பயிற்சி பெற்ற சிப்பாய்க்கே பதற்றத்தில் நினைவு தவறுகிறது. இருட்டில் பன்றி விரட்டும் விவசாயிக்குத் தவறாதா?

இரட்டைக் கெட்டிப்பு குழலைப் பிளக்கும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தாலும் ஆபத்துதான். இன்றைய தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தை இதில் போடவே கூடாது. குதிரையை இழுத்தும் வெடிக்கவில்லையா? வாயில் கண் வைத்துப் பார்க்காதீர்கள். ஆளில்லாத பக்கம் நீட்டியபடி சில நிமிஷம் பொறுங்கள். தாமதித்தும் வெடிக்கலாம். கெட்டித்ததைத் தோண்டாதீர்கள். லைசென்சு பெற்ற துப்பாக்கிக் கம்மியரிடம் விடுங்கள்.

ஒரு கோடு போதும்

இரட்டைக் கெட்டிப்பைத் தடுக்கச் சுலபமான வழி இருக்கிறது. காலிக் குழலில் கம்பியை இறக்கி, வாய் மட்டத்தில் ஒரு கோடு கீறுங்கள். சரியாகக் கெட்டித்த பிறகு இன்னொரு கோடு. அப்புறம் கம்பியே உண்மை சொல்லும்.

2019-ல் திருத்திய சட்டப்படி லைசென்சு 5 ஆண்டு செல்லும். புதுப்பிக்கும்போது காகிதத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. கம்பியில் கோடு இருக்கிறதா, குழல் சுத்தமா என்றும் அதிகாரிகள் பார்க்க வேண்டும். "ஏழை விவசாயிக்கு இன்னும் ஒரு தொல்லையா?" என்று சிலர் கேட்கலாம். கோடு கீறக் காசு வேண்டாம். போன கைக்கு எந்தக் காசும் ஈடாகாது.

தாய்மார்களே! உங்கள் வீட்டில் லைசென்சுத் துப்பாக்கி இருந்தால், "கம்பியில் கோடு போட்டாயிற்றா?" என்று இன்றைக்கே கேளுங்கள். கெட்டித்த துப்பாக்கி வீட்டுக்குள் வரவே கூடாது. பரணில் பழைய துப்பாக்கி கிடந்தால், கெட்டித்திருக்கிறது என்றே எண்ணி, தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள். குழந்தைகள் கைக்கு அது முதலில் போய்விடக் கூடாது!