நெட்டித் தொப்பியைச் சுற்றிய பாகை

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் இறப்பர்ப் பால் வெட்டியும் கொழுந்து கிள்ளியும் மூத்துப்போன நம் பெரியவர்கள் வெள்ளைத்துரையைப் பற்றிப் பேசப் புகுந்தால், பிரட்டுக்களத்து வைகறை மங்கலில் முதலிற் புலப்படும் தொப்பியிலிருந்தே கதை தொடங்கும். பிரட்டு என்ற சொல்லே படையணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபுதான். செடியை வெட்டிச் சீராக்குவதற்கு நாம் சொல்லும் கவ்வாத்தும் படைப்பயிற்சிக்குரிய கவாத்தும் ஒரே ஓசையுடையவை என்பதை எண்ணும்போது, தோட்டம் என்பது பாதிப் பாசறையாகவே இருந்ததோ என்று தோன்றுகிறது.

உண்மையில் அத்துரைமாரிற் பலர் சிப்பாய்களுமாவர். ஐரோப்பியத் தோட்டக்காரர்களைக் கொண்டு 1900இல் அமைந்த இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை, 1914இல் 200க்கும் மேற்பட்டோரை எகிப்துக்கு அனுப்பியது. அவர்களுட் சிலர் கலிப்போலியில் தளபதி பேர்ட்வுட்டின் மெய்க்காவலராகவும் நின்றனர்.

அக்காலத் தொண்டர் படைகளின் தலையணியோ தனி அலங்காரம். தக்கையாலோ, தஞ்சாவூர்க் கைவினைஞர் கோபுரமும் தேரும் செதுக்குகின்ற அதே நெட்டியாலோ கூடு கட்டி, அதன்மேல் துணி போர்த்தி, நெற்றியிற் பித்தளை முத்திரையும், மோவாயின் கீழ்ச் சங்கிலியும், வைபவ தினங்களில் உச்சியிற் கூர்முனையும் பொருத்துவார்கள். ஆயினும் என் கண் நிலைப்பது, தொப்பியின் வயிற்றைச் சுற்றி மடிப்புமடிப்பாக ஓடும் துணிப்பட்டையில்தான். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'பக்ரி'. வடநாட்டார் தலைப்பாகைக்கு வழங்கும் பெயர். நம்மவரின் பாகையைத் தம் தொப்பிக்கு ஆபரணமாகச் சூடிய துரையின் எதிரே, தொழிலாளி தன் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

இது வெறும் உடை விவகாரமன்று. 1915 யூனில், சிங்கள–முஸ்லிம் கலவரத்தையடுத்து மேல், சப்பிரகமுவ மாகாணங்களில் இராணுவச் சட்டம் பிரகடனமானபோது, பஞ்சாபியச் சிப்பாய்களோடு ஐரோப்பியத் தொண்டர்களும் கிராமங்களுக்குள் புகுந்து நடத்திய கொடுமைகளைப் பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிரூபண சபையில் எடுத்துரைத்தார். கொழும்பு நகரக் காவற்படையில் அதிகாரியாயிருந்த ஹென்றி பெத்ரிஸ், அச்சட்டத்தின் கீழ் அதே ஆண்டு யூலை 7ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். தொண்டர் படையின் சீருடை அந்தச் சிங்கள இளைஞரைக் காக்கவில்லை.

இத்தொப்பிகளைத் துடைத்துப் பளபளப்பாக்கிப் பழம்பெருமை பேசுவோரும், குப்பையில் எறி என்போரும் உளர். எனக்கு இரண்டும் உடன்பாடில்லை. இரத்தினபுரித் தேசிய அருங்காட்சியகத்தில் அத்தகையதொன்றை வைக்கட்டும். அதே கண்ணாடிப் பேழையில் ஒரு தலைத்துண்டையும், மழைக்குப் போர்த்திய கம்பளியையும் வைத்து, பக்ரி என்ற பெயரின் பிறப்பை மூன்று மொழிகளிலும் எழுதட்டும். ஆண்டுகளையும் குறிக்கலாம்: துரைமார் படை கலைக்கப்பட்டது 1949, பிரசாவுரிமையை முந்திய ஆண்டே இழந்திருந்த தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் வாக்குரிமையையும் இழந்தது அதே 1949.